நிற்க வைக்கிற வேலை

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். நின்றுகொண்டே கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்காதீர்கள். இது நின்றவர்களின் கதை, இதையும் உங்களை நிற்க வைத்துச் சொன்னால் எனக்கு வாய் வராது. சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள், காலை நீட்டிக்கொள்ளுங்கள். இங்கே யாரும் பேனாவால் தட்ட மாட்டார்கள். அது என்ன பேனா என்று இப்போதே கேட்காதீர்கள், அது தன்னால் வரும்.

முப்பிடாதிக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் நாலு மாடி ஜவுளிக்கடை. பேர் எதற்கு, ரோட்டில் போகிறவர்கள் முகத்தில் ஏசிக் காற்று வந்து அடிக்கிற கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாடி பட்டுப் பிரிவுக்கு இன்னொரு சூப்பர்வைசர் வேலை. நாலாவது மாடி ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் ஒன்பதே முக்காலுக்கே வந்து, ஆபீஸ் பக்கம் தலை வைக்காமல், கல்யாணப் பட்டு எடுக்க வந்தவள் மாதிரி இரண்டாவது மாடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பதினாலு வருஷம் சேலை விற்றவள். முந்தியைப் பார்த்து மயங்காதீங்க, திருப்பிப் போட்டு நூல் எப்படி ஓடியிருக்குன்னு பாருங்க என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். சேலைக்குச் சொன்னது வேலைக்கு ஆகாதா? மேலே ஆபீசில் விரித்துக் காட்டப்போவது முந்தி. பின்பக்கம் இங்கேதானே இருக்கிறது. இந்த வேலை நமக்கு ஆகுமா ஆகாதா என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால் நாம் கேட்டுக்கொண்டால் என்ன தப்பு.

உட்கார்ந்த ஸ்டூல் மெத்தென்று இருந்தது. பதினாலு வருஷம் ஜவுளிக்கடைக்குள்ளேயே கிடந்தவள், ஜவுளிக்கடை ஸ்டூலில் உட்காருவது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தீபாவளிக்குக்கூட நம்ம கடையில நம்ம சேலையை நின்னுக்கிட்டேதானே எடுத்தோம். இடது கால் சேலைக்குள் தானாகத் துடித்தது. கெண்டைக்காலில் நரம்பு, நரம்பா அது, முடிச்சு முடிச்சாகப் புடைத்த கயிறு. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதை விரலால் அமுக்கிப் பார்த்து, இனிமேல் நிற்கிற வேலை கூடாதும்மா, புண்ணாயிரும் என்று சொன்னது, இனிமேல் கருவாடு சாப்பிடாதே என்கிற மாதிரி எவ்வளவு லேசாகச் சொன்னது. நிற்காத வேலை எங்கே கிடைக்கும், அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்களேன் என்று கேட்க நினைத்தாள், கேட்காமல் வந்தாள். பழைய கடையை முதலாளி அண்ணாச்சி மகன்கள் மூடிவிட்டுப் போய் எட்டு மாசம். எட்டு மாசமும் ஏறாத படி இல்லை. போன இடமெல்லாம் நிற்க முடியுமா என்றுதான் முதல் கேள்வி. அப்புறம்தான் பேப்பரில் இந்த விளம்பரம். சூப்பர்வைசர், பெண்கள், அனுபவம் உள்ளவர்கள் மட்டும். இந்தக் கடையில் லிஃப்ட் பக்கத்தில் சூப்பர்வைசருக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு, ஒரு தடவை வந்தபோது பார்த்திருக்கிறாள். சொல்லப்போனால் அந்த நாற்காலிக்குத்தான் மனுப் போட்டாள். இதோ இப்போதும் தெரிகிறது, கறுப்பு நாற்காலி, கை வைக்க இரண்டு பக்கமும் கட்டை. அதில் உட்கார்ந்து காலைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் அந்தக் கயிறு அவிழும். காலையில் புருஷன் இசக்கி சொல்லித்தான் அனுப்பினான், நேரா மேல போ, கேட்டதுக்குப் பதில் சொல்லு, உன் சாமர்த்தியத்தையெல்லாம் அங்க போய் விரிக்காத என்று. விரிக்கவில்லை. சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். பார்ப்பதுகூடச் சாமர்த்தியமா.

எதிரே கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவள் சட்டையில் மாரிச்செல்வி என்று பேர் குத்தியிருந்தது. முப்பது வயசிருக்கும். யாருக்கும்மா கல்யாணம் என்று கேட்டாள், மகளுக்கு என்று முப்பிடாதி சொன்னாள், மகள் இன்னும் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது, சாமி மன்னிக்கட்டும். மாரிச்செல்வி அரக்கு, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். முப்பிடாதி சேலையைப் பார்க்கவில்லை. மேஜைக்குக் கீழே, கண்ணாடி வழியாக, கால் தெரிந்தது. ஒரு கால்தான் தெரிந்தது. இன்னொன்றை மடக்கி, பின்னால் அலமாரிக் கட்டையில் உள்ளங்காலை ஊன்றியிருந்தாள். கொக்கு. நாமும் கொக்குதான், பத்து நிமிஷம் இந்தக் கால், பத்து நிமிஷம் அந்தக் கால், மேலே முகம் சிரிக்கும், கீழே கொக்கு மாறும், வாங்க வந்தவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துவிட்டதே என்று முப்பிடாதிக்கு ஏனோ வெட்கமாக இருந்தது, அடுத்த வீட்டுக் கதவிடுக்கில் பார்த்த மாதிரி. அந்த நேரத்தில்தான் டக் டக் டக். பேனாவால் கண்ணாடியில் மூன்று தட்டு. மாரிச்செல்வியின் இன்னொரு கால் தரைக்கு வந்தது. அந்த வரிசையில் நின்ற மற்ற மூன்று பெண்களின் முதுகும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தது. முப்பிடாதியும் எழுந்து நின்றுவிட்டாள்.

ஆமாம், எழுந்து நின்றாள். சேலை வாங்க வந்தவள், ஸ்டூலில் மெத்தென்று உட்கார்ந்திருந்தவள். அவளைக் கேட்டா எழுந்தது கால்? எட்டு மாசமாகச் சம்பளம் வாங்காத கால், புண்ணாகப் போகிறது என்று டாக்டரம்மா சொன்ன கால், பேனாச் சத்தம் கேட்டதும் யாரோ சுண்டிவிட்ட மாதிரி விறைத்து நின்றுவிட்டது. தட்டினவன் சூப்பர்வைசர். நாற்பது வயசு, கழுத்தில் டை, பேர் நம்பிராஜன் என்று எழுதியிருந்தது. அவன் பதறிப்போய், உட்காருங்கம்மா, நீங்க எதுக்கு நிக்கிறீங்க, கஸ்டமர் நிக்கலாமா என்று தேனாகச் சொன்னான். அதே வாயை மூடாமல் கொஞ்சம் திருப்பி, நேரா நில்லு, கேமராவுல தெரியுது என்று மாரிச்செல்வியிடம் சொன்னான். ஒரே வாய். ஒரே மூச்சு. முப்பிடாதி உட்கார்ந்தாள். காது இரண்டும் சுட்டது. அவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் கால் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. ஏன் காலே, உனக்கு ரோஷம் கிடையாதா. உன்னை நிற்க வைத்தவர்கள் கடையையே இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள், நீ யாருக்காக இன்னும் நிற்கிறாய்.

பதினோரு மணிக்கு இன்னும் முக்கால் மணி. மேலே போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை. ஒரு ஓரத்தில் மனசு வேறு மாதிரி நியாயம் பேசிக்கொண்டிருந்தது. நாம வந்தா தட்ட மாட்டோம்ல. இல்லை, தட்டுவோம், மெதுவாகத் தட்டுவோம், நகத்தால். பிள்ளைகளா, கேமரா வருது, நேரா நில்லுங்க, அந்தப் பக்கம் திரும்பினதும் சாஞ்சுக்கோங்க என்று சொல்லிவைப்போம். இப்படி நினைத்ததும் கொஞ்சம் இதமாக இருந்தது. உடனே அந்த இதத்தில் ஒரு முள். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் ஃபோன் அடித்தது, நம்பிராஜன் ஓடிப்போய் எடுத்தான், சரி சார், சரி சார் என்றான், முதுகு வளைந்தது. வைத்துவிட்டு வந்து கடைசி மேஜையில் தட்டினான். ஓகோ, மேலே ஒருத்தன் இவனைத் தட்டுகிறான். தட்டாதவனைத் தட்டுவார்கள். அவன் அந்தச் சுழல் நாற்காலியில் உட்காரவே இல்லை என்பதையும் அவள் அப்போது கவனித்தாள். வந்ததிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. உட்கார்ந்தால் பின்வரிசை தெரியாது. நிற்க வைக்கிறவனும் நிற்கிறான், அப்ப அந்த நாற்காலி எதுக்கு, விளம்பரத்துக்கா. எனக்கு ஆசை காட்டவா. அந்த இருக்கையில் ஒரு சின்னப் பள்ளம்கூட விழவில்லை.

உட்கார நாற்காலி போட்டாக வேண்டும் என்று கடைகளுக்குச் சட்டம் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய கடையில் கூட நின்ற செண்பகம் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள், அக்கா, நாற்காலி வரும், நம்ம பிட்டி அதுல படாது என்று. செண்பகம் சொன்னது சரிதான் என்று இங்கே வந்து தெரிந்தது. பட்டுப் பிரிவு நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. முதுகில், பணியாளர் இருக்கை என்று தாள் ஒட்டியிருந்தார்கள். கால்களில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அதில் ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. கல்யாணப் பெண் பொம்மை, அரக்குப் பட்டு, காசுமாலை, கால் மேல் கால் போட்டு, பாதி மூடின கண். சுற்றி நாலு உயிருள்ள பெண்கள் நிற்கிறார்கள், நடுவில் பிளாஸ்டிக் மகாராணி அமர்ந்திருக்கிறாள். முப்பிடாதிக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டையும் முழுங்கினாள், தண்ணி வேணுமாம்மா என்று மாரிச்செல்வி கேட்டாள்.

அப்போது சலசலவென்று சத்தம். குண்டூசி. மாரிச்செல்வியின் கை பட்டு மேஜை மேலிருந்த டப்பா சரிந்து கொஞ்சம் ஊசி தரையில் விழுந்தது. கை பட்டதா. முப்பிடாதிக்குத் தெரியாதா, அது கை பட்டது இல்லை, கை பட வைத்தது. செண்பகம் கண்டுபிடித்த வித்தை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். செண்பகத்துக்கு அப்போது ஏழு மாசம், சாயங்காலம் ஆனால் பாதம் செருப்புக்குள் போகாது, செருப்பு வாரைப் பிளேடால் கீறி வைத்திருந்தாள். ஊசி டப்பாவைத் தட்டிவிடுவாள். ஐயோ கொட்டிருச்சே, கஸ்டமர் காலில் குத்துமே என்று குத்துக்கால் போட்டுக் கீழே உட்கார்ந்துவிடுவாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பூப்பொறுக்குகிற மாதிரிப் பொறுக்குவாள். ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்தில் முழங்கால் மடங்கும், அடிவயிறு இளகும், உச்சந்தலை வரை ரத்தம் போய் வரும். பிறகு நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம், யார் எத்தனை மணிக்குக் கொட்டுவது என்று கண்ணாலேயே முறை வைத்தோம், என்று நினைத்தபோது முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது. இந்த வித்தை இங்கேயும் வந்துவிட்டதே, நல்லாப் பொறுக்கு தாயி, மெதுவாப் பொறுக்கு.

மாரிச்செல்வி பாதி குனிந்திருப்பாள், முழங்கால்கூட மடங்கவில்லை, நம்பிராஜன் வந்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை இழுத்தான். நூல் முனையில் காந்தம். தீப்பெட்டி அளவு, சாம்பல் நிறம். நின்றபடியே தரையில் ஒரு கோலம் போட்டான். ஊசி எல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. அப்படியே டப்பாவுக்கு மேல் வைத்து விரலால் வழித்துவிட்டான். எண்ணிப் பத்து வினாடி. இன்னைக்கு இது மூணாவது தடவை என்று மட்டும் சொல்லி, நூலைக் கையில் சுற்றிக்கொண்டே போனான். மாரிச்செல்வி நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, அடுத்த சேலையை விரித்தாள்.

முப்பிடாதியின் கை, மடியில் இருந்த இன்டர்வியூ கடிதம் வைத்த மஞ்சள் கவரின் மேல் அப்படியே நின்றது. காந்தம். இதை யார் நினைத்திருப்பார்கள். நாலாவது மாடிக்காரனுக்குத் தெரியாது, கேமராக்காரனுக்குத் தெரியாது, ஊசி விழுந்தது என்றால் விழுந்தது என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். விழவில்லை, கொட்டினாள் என்று தெரிய வேண்டுமானால் தானே கொட்டியிருக்க வேண்டும். இவன் கொட்டியிருக்கிறான். இவனும் எங்கேயோ பத்து வருஷம் நின்று, இடுப்பு விட்டுப்போய், டப்பாவைத் தட்டிவிட்டு, குத்துக்கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊசி பொறுக்கியவன்தான். அந்த ரெண்டு நிமிஷத்தின் ருசி தெரிந்தவன்தான் அதைப் பத்து வினாடியாக்கக் காந்தம் வாங்கிவருவான். அப்ப அனுபவம் உள்ளவர்கள் மட்டும் என்று பேப்பரில் போட்டது இதுதானா. நான் என்னவோ பட்டு பார்க்கத் தெரியும், சரிகை பார்க்கத் தெரியும், அதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேனே. அடப்பாவிகளா, உங்களுக்கு வேண்டியது என் பதினாலு வருஷச் சேலை இல்லை, என் பதினாலு வருஷக் கால். கொக்கு எப்போது கால் மாற்றும், சோறு தின்னப் போகிறவள் பாத்ரூமில் எத்தனை நிமிஷம் தரையில் உட்காருவாள், ட்ரையல் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு யார் சாய்வாள், பெண்பிள்ளைகளுக்குள் இருக்கிற அத்தனையும். ஆம்பளைக்கு இதெல்லாம் தெரியாதென்றுதான் இந்தத் தடவை பெண்கள் என்று போட்டிருக்கிறார்கள். செண்பகத்தின் ரெண்டு நிமிஷத்தை வாங்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேலே போனால் உட்காரச் சொல்லுவார்கள், காபி கொடுப்பார்கள், உங்க அனுபவத்தைச் சொல்லுங்கம்மா என்பார்கள், நானும் பெருமையில் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனே. இந்த வேலை எனக்கு ஆகுமா என்று கேட்கத்தானே வந்தேன். ஆகும். அதுதான் பயம். நல்லாவே ஆகும். இவனைவிட நான் கெட்டிக்காரியாக இருப்பேன்.

காலும் தன் பங்குக்குப் பேசியது. போடி, எனக்கு ஒரு நாற்காலி கிடைக்கும் என்றாயே என்று. அந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்று அதற்குப் பதில் சொன்னாள். வீட்டுக்குப் போய் இசக்கியிடம் என்ன சொல்ல. ஆகலைன்னு சொல்ல வேண்டியதுதான். திரும்பவும் படி ஏற வேண்டும், திரும்பவும் நிற்க முடியுமா என்ற கேள்வி. முடியாதென்று சொல்ல வேண்டும். கேட்கட்டும். அப்படியே எழுந்து படியிறங்கிப் போயிருக்கலாம். ஆனால் எழுந்து போகிறவளைக் கடையில் யார் கவனிக்கிறார்கள், சேலை பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள். மணி பத்தே முக்கால். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற வரை தான் கஸ்டமர் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. நிற்கக்கூடாத கஸ்டமர். தேன் ஒழுகப் பேசப்படுகிற கஸ்டமர்.

நம்பிராஜனைக் கூப்பிட்டாள். அந்தப் பொம்மை கட்டியிருக்கிற அரக்குப் பட்டை எடுத்துக் காட்டச் சொன்னாள். அதே மாதிரி அலமாரியில் வேற இருக்கும்மா என்றான். அதே மாதிரி வேண்டாம், அதுதான் வேண்டும் என்றாள். அவன் பேனாவைச் சட்டைப் பையில் குத்தினான். கையில் சுற்றியிருந்த காந்தத்தை நூலோடு கழற்றி மேஜையில் வைத்தான். இரண்டு கையாலும் பொம்மையை வாரித் தூக்கினான், புதுப்பெண்டாட்டியைத் தூக்குகிற மாதிரி. பொம்மையின் ஒரு கை கழன்று தொங்கியது, கடைசி மேஜைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பொம்மையைப் பக்கத்து மேஜையில் கிடத்தி, அந்தப் பக்கம் திரும்பிச் சேலையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது முப்பிடாதி மஞ்சள் கவரைக் காந்தத்தின் மேல் வைத்தாள். கவரை எடுத்துக் கைப்பைக்குள் போட்டபோது மேஜையில் காந்தம் இல்லை.

பிறகு கழுத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கழுத்து எலும்பு தேய்மானம் தம்பி, அண்ணாந்து பாக்க ஏலாது. இந்தப் பிள்ளை அந்தப் பொம்மை இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, என் உசரத்துக்கு உக்காந்து காட்டட்டும்."

இங்கே உட்கார்ந்து காட்டுகிற வழக்கம் இல்லை என்றான். அப்படியானால் எதிர்க்கடையில் இருக்கும், மகளுக்கு மட்டும் ஏழு பட்டு, சம்பந்தி வீட்டுக்குத் தனி என்று முப்பிடாதி பையை எடுத்தாள். அவன் கேமராவைப் பார்த்தான். ஃபோனைப் பார்த்தான். கஸ்டமர் கேக்காங்க சார் என்று யாரும் கேட்காமலேயே சுவரைப் பார்த்துச் சொன்னான். மாரிச்செல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எப்படி உட்கார்ந்தாள் என்கிறீர்கள், நுனியில், வெயிலில் கிடந்த கல்லில் உட்காருகிற மாதிரி. ஒரு சேலை போனது, இரண்டு போனது. மூன்றாவது சேலையில் முதுகு நாற்காலியில் பட்டது. குதிகால் செருப்பை விட்டு வெளியே வந்தது. மூக்கு வழியாக ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவு நீள மூச்சு அந்த ஏசிக்குள் அதுவரை யாரும் விட்டிருக்க மாட்டார்கள். முப்பிடாதி இன்னொன்று, இன்னொன்று என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து எடுத்துத் தர நம்பிராஜன் ஏறி இறங்கினான்.

தப்பு எங்கே நடந்தது என்றால், பார்த்து முடித்த சேலையை முப்பிடாதி மடித்துவிட்டாள். நினைத்துச் செய்யவில்லை. பழைய மடிப்பு மேலேயே மடிப்பு விழ, சரிகை உள்ளே போக, இரண்டு தட்டு, ஒரு நீவல். வாங்க வருகிறவள் ஒருத்தியும் அப்படி மடிக்க மாட்டாள், கசக்கிப் போட்டுவிட்டுத்தான் போவாள். நம்பிராஜன் அந்தச் சேலையையே பார்த்தான். குனிந்து, தேனெல்லாம் வடிந்துபோன குரலில் கேட்டான்.

"நீங்க எந்தக் கடையில நின்னீங்க?"

முப்பிடாதி அவனை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். "நீ எந்தக் கடையில குண்டூசி கொட்டின?"

அவன் முகம் கறுத்தது, பிறகு எங்கேயோ தூரத்தில் எதையோ பார்க்கிற மாதிரி ஆனது. அந்த நேரத்தில் கூரையிலிருந்து மைக் கரகரத்தது. இன்டர்வியூவுக்கு வந்திருக்கும் முப்பிடாதி நாலாவது மாடி ஆபீசுக்கு வரவும், முப்பிடாதி நாலாவது மாடிக்கு வரவும். மாரிச்செல்வியின் கண், கைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் கவரில் எழுதியிருந்த பேரின் மேல் போய் நின்றது. அக்கா, உங்களத்தான் கூப்பிடுதாவ என்றாள் மெதுவாக. சொல்லிவிட்டுப் பழக்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தாள். முப்பிடாதி அவள் தோளில் கை வைத்து அமுக்கி உட்கார வைத்தாள். நம்பிராஜனின் கை மேஜை மேல் காந்தத்தைத் தேடியது, சட்டைப் பையைத் தேடியது, திரும்பவும் மேஜைக்கு வந்தது. மற்ற மூன்று பெண்களும் கொக்கு மாதிரி நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பிடாதி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குண்டூசி டப்பாவை இரண்டு கையாலும் எடுத்து, மூடியைத் திறந்து, அந்த வரிசை முழுக்க, மேஜைக்கு மேஜை, கடைசி மேஜை வரைக்கும் நடந்துபோய்க் கொட்டினாள்.